பாட்டிக்குக் கை முறிந்தது... பேத்தி கபடிக்குத் திரும்பினாள்!

மதுரையில் ஒரு வீடு. பாத்ரூம் ஈரத்தில் சறுக்கியபோது கையை ஊன்றினார் பாட்டி. மணிக்கட்டு முறிந்துவிட்டது. அவருக்கு வயது 72.

"இம்புட்டுச் சறுக்கலுக்கா எலும்பு உடையும்?" மாவுக்கட்டோடு வீடு திரும்பியவர் இதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

பதில், சில நாள்கள் கழித்து எடுத்த டெக்ஸா ஸ்கேனில் கிடைத்தது. 'ஆஸ்டியோபோரோசிஸ்' எனும் எலும்பு அடர்த்திக் குறைவு. வலியே காட்டாமல் பல வருடங்களாக நடந்துவந்த இழப்பு.

மருந்து, கால்சியம், வைட்டமின் டி என எழுதிக் கொடுத்த டாக்டர், கூட வந்த மகளிடம் திரும்பினார். "உங்களுக்கு மாதவிடாய் நின்னு எத்தனை வருஷமாச்சு?"

"மூணு வருஷம் டாக்டர்."

"வீட்டுல பொம்பளைப் பிள்ளை இருக்கா? ஓடியாடி விளையாடுறாளா?"

மகளால் பதில் சொல்ல முடியவில்லை. 13 வயதுப் பேத்தி, பள்ளிக் கபடி அணியில் இருந்தவள். அவள் பெரியவளானதும், "இனிமே கிரவுண்டுல என்ன வேலை?" என்று நிறுத்தியது பாட்டிதான். மகளும் மறுத்துப் பேசவில்லை.

எலும்பு, செங்கல்போல உயிரற்ற பொருள் அல்ல. பழையதைக் கரைத்து, புதியதைக் கட்டிக்கொண்டே இருக்கும். குதிக்கும்போதும், ஓடும்போதும், எடை தூக்கும்போதும் ஏற்படும் அழுத்தம்தான் அதை வலுவாகக் கட்டச் சொல்கிறது. டென்னிஸ் வீரர்களுக்கு மட்டை பிடிக்கும் கையின் எலும்பு, மற்ற கையைவிடத் தடிமனாக இருப்பது இதனால்தான். எடையே உணராத விண்வெளியில் நேர்வதோ இதற்குத் தலைகீழ். உடலைத் தாங்கும் எலும்புகள் மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவிகிதம் வரை அடர்த்தியை இழக்கின்றன.

இதில் வளரிளம் பருவத்துக்குத் தனி இடம் உண்டு. உயரம் வேகமாகக் கூடும் காலத்தை ஒட்டிய 2 வருடங்களில் மட்டும், ஒருவரின் எலும்புத் தாதுவில் ஏறத்தாழ கால் பங்கு சேர்ந்துவிடுகிறது. 30 வயதையொட்டி அது உச்சத்தை எட்டும். பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு, 5 முதல் 7 வருடங்களில் 20 சதவிகிதம் வரைகூட குறையலாம்.

பாட்டியும் பாண்டி ஆடியவர்தான். கிணற்றில் தண்ணீர் இறைத்தவர், ஆட்டுக்கல்லில் மாவாட்டியவர். மகள் வீட்டுக்கு வந்த பிறகு, "நீ உட்காரும்மா, நான் பாத்துக்கிறேன்" என்ற அன்பு, 15 வருடங்களாக அவரை டி.வி முன்னால் உட்கார வைத்துவிட்டது.

இப்போது அந்த வீட்டில் சில மாற்றங்கள். நடைப்பயிற்சி மட்டும் போதாது என்பதால், மகள் மாடிப்படி ஏறுகிறார். வாரத்தில் இரண்டு நாள் டம்பெல்ஸ் தூக்குகிறார். கட்டுப் பிரித்த பாட்டி, பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்தபடி, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குகிறார். மீண்டும் விழாமல் இருக்கத்தான் இந்தப் பயிற்சி. மாத்திரையையும் நிறுத்தவில்லை. பாத்ரூமில் புதிதாகக் கைப்பிடி வந்திருக்கிறது.

அன்று மாலை, கபடி டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு வாசலிலேயே தயங்கி நின்றாள் பேத்தி.

"அம்மாச்சி, நெசமாவே போகவா?"

"நான்தானே நிறுத்துனேன்... நானே சொல்றேன், போயிட்டு வா. நேரமாகுது பாரு!"