ரங்கநாதன் தெருவும் புதுச்சேரி கடற்கரையும்: அமைதி என்பது ஊரின் குணமா?

சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 150 கி.மீ. தூரம்தான். இரண்டுமே வங்கக்கடலோர ஊர்கள். ஆனால், ஒன்றில் ஓடிக் களைத்தவர்கள் மூச்சு வாங்க இன்னொன்றுக்குப் போகிறார்கள். வார இறுதியில் ஈ.சி.ஆரில் நிற்கும் கார் வரிசையே அதற்குச் சாட்சி!

கூட்டமே நடத்திச் செல்லும் தெரு

மாம்பலம் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தாலே தி.நகர் ரங்கநாதன் தெரு. பண்டிகை நாள்களில் அங்கே யாரும் நடப்பதில்லை; கூட்டம்தான் நடத்திச் செல்கிறது. "வாங்கக்கா, பாருங்கண்ணா" என்று இரண்டு பக்கமும் குரல்கள். ஒரு கையில் துணிப்பை, மறு கையில் குழந்தையின் விரல் என்று நகரும் அம்மாக்கள்.

இந்தச் சத்தத்தில்தான் பலரின் பிழைப்பு இருக்கிறது. 2020 ஊரடங்கில் இந்தத் தெரு வெறிச்சோடியது. அதை யாரும் அமைதி என்று சொல்லவில்லை. கர்ச்சீப்பும் ஹேர்பின்னும் விற்பவர்களுக்கு அது அடுப்பு எரியாத காலம்.

நடுரோட்டில் ஓடும் குழந்தைகள்

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்குத் தடுப்புகளை வைத்துவிடுவார்கள். மறுநாள் காலை 7.30 வரை வண்டிகளுக்கு அனுமதி இல்லை. காந்தி சிலையைச் சுற்றிக் குடும்பங்கள் உட்கார்ந்திருக்கும். கருங்கற்களில் அலை மோதும் சத்தம் தெளிவாகக் கேட்கும். குழந்தைகள் நடுரோட்டில் ஓடினாலும் பின்னால் ஹாரன் அடிக்க ஆளில்லை. முட்டிவலிக்காரத் தாத்தாவும் பயமில்லாமல் நடக்கலாம்.

வாய்க்காலைத் தாண்டினால்...

அதற்காக, மொத்தப் புதுச்சேரியும் அமைதி என்று நினைத்துவிட வேண்டாம். பிரெஞ்சுக் கட்டடங்கள் உள்ள பகுதியை விட்டு, பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே வந்தால் நேரு வீதி, பெரிய மார்க்கெட். ஞாயிற்றுக்கிழமை என்றால் காந்தி வீதியில் சண்டே மார்க்கெட். அங்கே போனால் ரங்கநாதன் தெருவின் தங்கையைப் பார்த்ததுபோல இருக்கும்!

சென்னையிலும் இதேபோலத்தான். பரபரப்பான கிண்டியில், சுமார் 2.7 சதுர கி.மீ. தேசியப் பூங்காவில் புள்ளிமான்களும் வெளிமான்களும் மேய்கின்றன. ரங்கநாதன் தெருவிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் பாண்டி பஜாரில், 2019-ல் நடைபாதைகளை அகலமாக்கி, உட்கார இருக்கைகள் போட்டார்கள். கடைகள் அப்படியேதான் இருக்கின்றன. நடப்பவர்களுக்கு இடம் கிடைத்தது.

ஆக, அமைதி என்பது ஊரின் பிறவிக் குணம் இல்லை. யாரோ ஒரு தடுப்பு வைக்கிறார்கள், யாரோ ஒரு காட்டை விட்டுவைக்கிறார்கள். அதனால் கிடைக்கிறது. அப்படிக் கிடைத்ததைத் தொலைப்பதும் சுலபம். அமைதியைத் தேடி எல்லோரும் சனிக்கிழமையே காரில் கிளம்பினால், புதுச்சேரியின் குறுகிய வீதிகளில் வசிப்பவர்களுக்கு அன்றுதான் இரைச்சல் அதிகம்.

புதுச்சேரிக்குப் போகிறவர்கள் முடிந்தால் வார நாளில், பஸ்ஸில் போகலாம். சூரியன் உதிக்கும் முன்பே கடற்கரைச் சாலையில் நடக்கலாம். வண்டியில் போனால், அந்த வீதிகளுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். அந்த ஊரின் அமைதிக்கு விருந்தாளிகள் செய்யக்கூடிய மரியாதை அது.