குழி விழும் எண்ணெய், மேடு தட்டும் நீர்

மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைந்துபோனால் புட்டியை வெயிலில் வைத்து உருக்குவது நம் வீடுகளில் வழக்கம். 24 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்கினாலே அது கட்டிபடத் தொடங்கிவிடும். உருக்குவதற்கு முன் ஒரு நிமிடம் அதை உற்றுப் பாருங்கள். பாதி உறைந்திருந்தால் கட்டி அடியில் கிடக்கும், தெளிந்த எண்ணெய் மேலே நிற்கும். முழுக்க உறைந்திருந்தால் நடுவில் குழி விழுந்திருக்கும். நெய்யும் மெழுகும் அப்படித்தான். உறையும்போது சுருங்கும், சுருங்கியது கனத்து இறங்கும். பெரும்பாலான திரவங்களின் இயல்பு இதுவே.

தண்ணீர் இதற்கு நேர்மாறு. ஃப்ரீசரில் ஐஸ் தட்டை விளிம்புவரை நிரப்பி வையுங்கள். உறைந்ததும் மேடு தட்டியிருக்கும். உறையும் நீர் கனஅளவில் ஏறக்குறைய 9 சதவீதம் பெருகுகிறது. திரவத்தில் நெருக்கியடித்து ஓடிய மூலக்கூறுகள், உறையும்போது அறுகோண வரிசையில் இடைவெளி விட்டு நிற்பதே காரணம். வானத்திலிருந்து விழும் பனித்துகளுக்கு ஆறு கைகள் வந்ததும் இதனால்தான். ஏன் ஆறு என்று வியந்து கெப்ளர் 1611-இல் ஒரு சிறு நூலே எழுதினார். மூலக்கூறு பற்றி யாருக்கும் தெரியாத காலத்தில் அவருக்கு அந்தக் கேள்வி தோன்றியதே, அதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

இந்தப் பெருக்கத்தின் வலு லேசானதல்ல. ஸ்ரீநகரில் டிசம்பர் 21-இல் தொடங்கும் 40 நாள் கடுங்குளிரை ‘சில்லாய் கலான்’ என்பார்கள். அப்போது வீட்டுக் குழாய்களில் தண்ணீர் உறைந்து குழாயே வெடித்துவிடும். தால் ஏரியின் மேற்பரப்பும் உறையும். ஆனால் மீன்கள் பிழைத்துக்கொள்ளும். நீர் அதிக அடர்த்தி கொள்வது 4 டிகிரியில். அது அடியில் தங்கிவிடுகிறது. அதைவிடக் குளிர்ந்த நீர் மேலேயே நின்று, உறைந்து, மிதக்கிறது. அந்தப் பனிக்கட்டி வெப்பத்தை எளிதில் கடத்தாததால், கீழுள்ள நீர் குளிரிலிருந்து தப்புகிறது. எண்ணெயைப் போல நீரும் அடியிலிருந்து உறைந்து வந்திருந்தால், குளிர்நாட்டு ஏரிகளில் மீனுக்கு ஒதுங்க இடமேது?

உறையும் நீர் வெப்பத்தை வெளிவிடும் என்பது இன்னும் பெரிய வியப்பு. 0 டிகிரியில் உள்ள ஒரு கிராம் நீர் உறைந்தால் சுமார் 80 கலோரி வெளியேறுகிறது. வட இத்தாலியின் ஆப்பிள் விவசாயிகள் இதை நம்பித்தான், பூக்கும் பருவத்தில் உறைபனி இறங்கும் இரவுகளில் மரங்களின் மேல் விடிய விடிய நீர் தெளிக்கிறார்கள். பூவைச் சுற்றி உறையும் நீரே பூவைக் காக்கிறது. தெளிப்பை நடுவில் நிறுத்தினால் பூ கருகிவிடும்.

இத்தனையும் நம் வகுப்பறைகளில் இரண்டு மதிப்பெண் விடையாகச் சுருங்கிவிடுகிறது. ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் நீர்மட்டத்துக்குக் கோடு போட்டு, உறையவைத்து, வகுப்புக்கு எடுத்துச் செல்லுங்கள். கோட்டைத் தாண்டி நிற்கும் பனிக்கட்டியைப் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டும். கண்ணாடிப் புட்டி மட்டும் வேண்டாம், உடைந்துவிடும்.