வாளியில் வந்த மீன்

கோட்டயம் வட்டாரத்தில் பல வீடுகளுக்குச் சொந்தக் கிணறு உண்டு. அங்கே வெட்டுக்கல் என்று சொல்லும் செம்புரைக்கல்லைக் குடைந்து தோண்டியவை. எப்போதாவது இறைக்கும் வாளியிலோ குளியலறைக் குழாயிலோ அபூர்வ விருந்தாளி ஒன்று வந்து விழுகிறது: கண்ணே இல்லாத, ரத்தம் வெளியே தெரியும் சிவப்பு மேனியுடன், சுண்டு விரல் நீளம்கூட இல்லாத கெளுத்தி. பெயர் ஹொராக்லானிஸ். 1950-ல்தான் அறிவியல் ஏட்டில் ஏறியது. கேரளத்தில் பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே தவிர உலகில் வேறெங்கும் கிடையாது.

கோயில் குளத்து நீரை நுண்ணோக்கியில் பார்த்தால் விஷயம் நேர்மாறு. அதில் நீந்தும் ரோட்டிஃபர்களில் சில ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும்கூட உண்டு. குளம் வற்றினாலும் அவற்றின் முட்டைகள் தாக்குப்பிடிக்கும். காற்றிலும் பறவைக் காலிலும் ஊர் விட்டு ஊர் போகும். கெளுத்திக்கு அந்தப் பாஸ்போர்ட் இல்லை. பாறை இடுக்கில் கசியும் நிலத்தடி நீர்தான் அதற்கு ஆறு, கடல் எல்லாம்.

அந்தப் பாறையைத்தான் குவாரிகள் அறுத்தெடுக்கின்றன. மிச்ச நீரை ஆழ்துளைக் கிணறுகள் உறிஞ்சுகின்றன. இத்தனைக்கும் நடுவில், மீனைக் கண்ட வீட்டுக்காரர்கள் ஆய்வாளர்களுக்குத் தகவல் சொன்னதில் 2023-ல் புதிய இனம் ஒன்று உறுதியானது. ஹொராக்லானிஸ் பாப்புலி என்று பெயரிட்டார்கள். பாப்புலி என்றால் லத்தீனில் 'மக்களுடைய'.