ஏரி வாரியமும் ஒரு வேலைக் கடிதமும்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு ஆண்டுதோறும் மாணவர்களை அழைத்துச் செல்வது நம் வழக்கம். முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921 ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளின் முன் நிறுத்திக் குடவோலை முறையை விளக்குவோம். குடும்புகள் 30, ஏரி வாரியத்தார் 6 பேர், தோட்ட வாரியத்தார் 12 பேர், பதவிக்காலம் 360 நாள். வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் மீண்டும் வாரியம் செய்யலாகாது என்னும் விதி வரும்போது மாணவர்கள் சிரிப்பார்கள். நாமும் உடன் சிரிப்போம்.

அப்படிச் சிரித்தவர்களுள் ஒருவன் சென்ற ஆண்டு ஒரு கடிதத்துடன் வீட்டுக்கு வந்தான். செங்கல் சூளைத் தொழிலாளியின் மகன். நம்மிடம் பொதுத்தமிழ் பயின்ற வேதியியல் மாணவன். பின்னர்ச் சுற்றுச்சூழல் அறிவியலில் முதுகலை முடித்தவன். கட்டுமான நிறுவனமொன்றின் நிலைத்தன்மை மேலாண்மைப் பிரிவில் வேலை கிடைத்திருந்தது. கட்டடம் கட்டுவோரிடம் உனக்கென்ன வேலை என்று வினவினோம்.

உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏறத்தாழ 7 விழுக்காடு சிமெண்ட் உற்பத்தியினால் வருவது என்றான். சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 1450 பாகை வெப்பத்தில் சுடும்போது வெளிப்படும் வாயுவில் பாதிக்கு மேல் எரிபொருளினுடையதன்று, கல்லுக்குள்ளேயே இருந்தது. சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும் கலந்த சிமெண்டுக்கு 2023இல் நம் நாட்டில் தரவரையறை வந்துவிட்டது. "அப்பாவிடம் சொன்னேன் ஐயா. மண்ணைச் சுடுவதற்கா இவ்வளவு படிப்பு என்று கேட்டார்" என்று சிரித்தான்.

இலக்கியம் பேசுமிடத்தில் சிமெண்ட் எதற்கு என்று நண்பர்கள் கேட்கக்கூடும். வேலை தேடும் பிள்ளைகள் நம் எல்லோர் வீட்டிலும் உண்டு. 2022-23 நிதியாண்டு முதல், பங்குச்சந்தையின் முதல் 1000 நிறுவனங்கள் தாம் செலவிடும் நீர், மின்சாரம், உண்டாக்கும் கழிவு ஆகியவற்றை ஆண்டறிக்கையில் காட்டவேண்டும் என்பது செபியின் விதி. அக்கணக்கை எழுத ஆள் வேண்டும். 2001இல் தொடங்கிய இந்தியப் பசுமைக் கட்டட மன்றமும் கிரிஹா அமைப்பும் இதற்கான தேர்வுகளை நடத்துகின்றன. எரிசக்தித் தணிக்கையாளர் தேர்வும் உண்டு. பொறியியல் படித்தவர்க்கு மட்டுமே உரிய துறையன்று இது.

ஆனால் அவன் வந்தது மகிழ்ச்சியைப் பகிர அன்று. முன்பு பயிற்சி பெற்ற வேறோர் இடத்தில், லாரித் தண்ணீரை அளக்க மீட்டரே இல்லையாம். "போன மாதத்து எண்ணையே எழுது" என்றார்களாம். எழுதியிருக்கிறான். "அங்கும் அப்படித்தான் என்றால் போகலாமா ஐயா?"

போகாதே தம்பி என்று சொல்ல வாயெடுத்தோம். சொல்ல இயலவில்லை. அமர்ந்திருந்த அந்த வீட்டை நாம் கட்டியது 2011இல். பாலாற்று மணல் இரவு ஒரு மணிக்கு வந்து இறங்கியது. ரசீது இல்லை; நாமும் கேட்கவில்லை. மறுநாள் காலை கல்லூரிக்குச் சென்று ஏரி வாரியம் பற்றிப் பாடம் நடத்தினோம். இதை அவனிடம் அன்றுதான் சொன்னோம். சுவரைச் சற்று நேரம் பார்த்திருந்தான். பிறகு, "எத்தனை லோடு ஐயா?" என்று கேட்டான். கண்டிப்பன்று, கணக்கெடுப்பவனின் கேள்வி. நமக்கு நினைவில்லை.

"போய்ச் சேர். முதல் வாரத்திலேயே மீட்டர் கேள். தரமறுத்தால், அளக்கவில்லை என்று எழுது, எண்ணை மட்டும் இட்டுக்கட்டாதே" என்றோம். அதைச் சொல்ல நமக்குத் தகுதி உண்டா என்று அவன் கேட்கவில்லை.

சேர்ந்தான். இரண்டு கட்டுமான இடங்களில் ஒன்றில் மீட்டர் வந்துவிட்டதாகப் பொங்கலன்று தொலைபேசியில் சொன்னான். மற்றதற்கு, அளக்கப்படவில்லை என்றே எழுதி அனுப்புகிறானாம். மேலாளருக்கு அதில் வருத்தம்.

இவ்வாண்டு கல்வெட்டின் முன் அவ்விதி வந்தபோது மாணவர்கள் வழக்கம்போல் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் நம் வீட்டு மணலைப் பற்றிச் சொன்னோம். "இப்போது கட்டினால் எதில் கட்டுவீர்கள் ஐயா? எம்-சாண்டும் மலையை உடைத்துத்தானே வருகிறது?" என்று ஒரு மாணவி கேட்டாள். விடை தெரியவில்லை. அவனுடைய தொலைபேசி எண்ணைக் கொடுத்தோம்.