முப்பது லட்சத்து வண்டி, ஆறு லட்சத்துக்கும் கீழே

ஜூன் 6, சனி

படம் வாட்ஸ்அப்பில் வந்தது. கறுப்பு நிற பிஎம்டபிள்யூ 320டி, 2011 செப்டம்பர் பதிவு, கோயம்புத்தூர் வண்டி, இரண்டாவது கை. மீட்டரில் 92,000 கிலோமீட்டர். கேட்கும் விலை ஐந்தே முக்கால் லட்சம். அனுப்பியவர் மச்சினன். அடியில் ஒரு வரியும் சேர்த்திருந்தார்: “அத்தான், ரோட்டுல இறக்குனா புது ஸ்விஃப்ட் இதவிட ஜாஸ்தி.”

பண்பொழியில் நெல்லும் தென்னையுமாகக் காலம் தள்ளும் அந்த ஐம்பத்தாறு வயதுக்காரர், அபுதாபியில் ஒரு வாகனப் பணிமனையின் உதிரிபாகக் கிடங்கைப் பல வருடம் பார்த்துக்கொண்டவர். வண்டி ஆசையும் அவருக்குத் தெரியும், அதற்கு வரும் பில்லும் தெரியும். அன்றிரவு நாட்குறிப்பில் அவர் எழுதிவைத்தது ஐந்தே முக்காலை அல்ல; அதே வண்டி புதிதாக விற்ற விலையை. முப்பது லட்சம் வாக்கில். வயதாக ஆக விலை இறங்குவது வண்டிக்குத்தான். அதன் ஹெட்லைட்டுக்கும் கியர்பாக்ஸுக்கும் யாரும் வயது பார்த்துத் தள்ளுபடி தருவதில்லை.

வண்டி ஜெர்மன் என்று பேரே தவிர, பூட்டியது நம்மூரில்தான். சிங்கப்பெருமாள்கோவில் பக்கத்து மஹிந்திரா சிட்டியில் 2007 மார்ச்சில் திறந்த ஆலை 3 சீரிஸ், 5 சீரிஸ் கார்களைப் பூட்டிக் கொடுத்தது.

ஜூன் 7, ஞாயிறு

சாரல் விட்டுவிட்டுப் பெய்தது. டீக்கடையில் செய்தி எப்படியோ பரவிவிட்டிருந்தது.

“வாங்குனா பென்ஸ் வாங்கணும் அண்ணாச்சி. அதுக்கு அழிவே கிடையாது.”

டீக்கடைப் பேச்சு என்று இதைத் தள்ளிவிட முடியாது. கிரேக்க நாட்டு டாக்சிக்காரர் கிரகோரியோஸ் சாகினிடிஸ், 1976 மாடல் மெர்சிடிஸ் 240டி ஒன்றை 46 லட்சம் கிலோமீட்டர் ஓட்டினார். எஞ்சின்களை மாற்றி மாற்றித்தான் ஓட்டினார் என்றாலும் வண்டி அதே வண்டி. 2004ல் அது மெர்சிடிஸ் நிறுவனத்தின் அருங்காட்சியகத்துக்கே போய்ச் சேர்ந்தது. மொராக்கோவில் அந்தக் காலத்துப் பென்ஸ்கள்தான் பல பத்தாண்டுகள் ஊர்விட்டு ஊர் போகும் டாக்சிகளாக உழைத்தன.

அந்த 240டி-யின் டீசல் எஞ்சினுக்குப் பெயர் ஓஎம்616. அதே எஞ்சினைத்தான் பஜாஜ் டெம்போ நிறுவனம் உரிமம் வாங்கி இந்தியாவில் தயாரித்தது. டெம்போ டிராவலர் அதன் வம்சத்து எஞ்சினில் ஓடிய வண்டி. அதாவது, சேற்றை வாரி அடித்துவிட்டுக் குற்றாலம் ஐந்தருவிக்கு விரைகிற பழைய சீசன் வேன்களுக்குள் இருப்பது அந்தக் கிரேக்க டாக்சியின் பேரப்பிள்ளை. தென்காசி மெக்கானிக்குகளுக்கு அதன் நாடி அத்துப்படி. கிடங்குக்காரருக்கு இது முக்கியமாகப் பட்டது. வண்டி உழைப்பது பாதி அதன் இரும்பால் என்றால், மீதி அதைத் திறந்து பார்க்கத் தெரிந்த ஆள் பக்கத்தில் இருப்பதால்.

கடையநல்லூர்ப் பக்கம் 1990களின் பென்ஸ் ஒன்று விலைக்கு இருப்பதாகவும் ஒருவர் சொன்னார். 1995ல் புனேயில் தயாராகத் தொடங்கிய டபிள்யூ124 ரகம். பார்க்க ராஜா மாதிரி இருக்கும். ஆனால் 1990களின் நடுவில் வந்த அந்த ரகப் பெட்ரோல் எஞ்சின்கள் பலவற்றில் வயரின் மேலுறை பொடிந்து உதிர்ந்தது உலகம் அறிந்த கதை. போதாததற்கு, 2025 ஆகஸ்டில் வந்த திருத்தப்படி 20 வயதைத் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 10,000 ரூபாய் கட்டணம். பென்ஸைக் கிடங்குக்காரர் அன்றைக்கே பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்.

ஜூன் 9, செவ்வாய்

தென்காசி மெக்கானிக் படத்தைப் பெரிதாக்கிக்கூடப் பார்க்கவில்லை. “செயின் மாத்தியிருக்கானான்னு கேளுங்க அண்ணாச்சி. மத்ததெல்லாம் பொறவு.”

2011 மாடல் 320டி-யில் இருப்பது என்47 என்ற டீசல் எஞ்சின். வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்டை இழுத்துச் சுற்றுகிற டைமிங் செயின், பெரும்பாலான எஞ்சின்களில் முன்பக்கம் இருக்கும். இதில் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி. செயின் தளர்ந்து அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதி எஞ்சினே போய்விடும். முன்கூட்டியே மாற்றிவிடலாம்தான். ஆனால் செயினைத் தொட வேண்டுமானால் பெரும்பாலும் எஞ்சினையே கீழே இறக்கியாக வேண்டும். இங்கிலாந்திலிருந்து இந்தியா வரை பழைய 320டி வாங்குகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி அதனால்தான் இது.

அடுத்தது கியர்பாக்ஸ். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் எண்ணெயை ஆயுளுக்கும் மாற்ற வேண்டியதில்லை என்பது கார் கம்பெனியின் கணக்கு. கியர்பாக்ஸைச் செய்து கொடுத்த இசட்.எஃப். நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. ஆயுள் என்று கம்பெனி சொல்வது யாருடைய ஆயுளை என்று தெரியவில்லை. முதல் உரிமையாளர் வண்டியை விற்கும் வரையிலான ஆயுளாக இருக்கலாம்.

பேட்டரியும் சும்மா இல்லை. டிக்கிக்குள் இருக்கும் அதை மாற்றினால் மட்டும் போதாது, புதுப் பேட்டரி வந்திருக்கிறது என்பதை ஸ்கேனர் வைத்து வண்டியின் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். இல்லாவிட்டால் பழைய பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிய மாதிரியே ஏற்றிக்கொண்டிருக்கும். அந்த ஸ்கேனர் தன்னிடம் இல்லை என்று மெக்கானிக் மறைக்காமல் சொன்னார்.

ஜூன் 12, வெள்ளி

மச்சினன் சளைக்கவில்லை. இப்போது டெல்லி வண்டி: 2014 மாடல், இன்னும் நன்றாக மின்னுகிறது, கோவை வண்டியைவிட விலையும் குறைவு.

டெல்லியில் டீசல் சொகுசு கார் மலிவதற்குக் காரணம் காற்று. பத்து வயதைக் கடந்த டீசல் வண்டியும் பதினைந்தைக் கடந்த பெட்ரோல் வண்டியும் தலைநகர்ப் பகுதியில் ஓடக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014, 2015 ஆண்டுகளில் சொன்னது. 2018ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 2025 ஆகஸ்டில் நீதிமன்றம் பிடியைச் சற்றுத் தளர்த்தினாலும், அதற்குள் எத்தனையோ வண்டிகள் தடையில்லாச் சான்றிதழோடு தெற்கே இறங்கிவிட்டன. இங்கே வந்தால் தமிழ்நாட்டின் சாலை வரியைக் கட்ட வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கேயே வைத்திருந்தால் புதுப் பதிவெண் வாங்க வேண்டும். படம் அனுப்புகிறவர்கள் இந்தத் தொகையைச் சேர்த்துச் சொல்வதில்லை.

செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவு ஏறினால் கேரளம். பார்டர் புரோட்டாக் கடை வாசலில் கேரளப் பதிவெண் கொண்ட சொகுசு கார்களுக்குக் குறைவே இல்லை. அங்கே பார்க்கலாமா என்ற யோசனையும் வந்தது. அந்தப் பக்கத்துக் கதைகள் வேறு மாதிரி. புதுச்சேரி முகவரியில் பதிவுசெய்து வரியைத் தவிர்த்ததாக 2017ல் திரையுலகினர் சிலர் மீது கேரளத்தில் வழக்குகள் எழுந்தன. 2025 செப்டம்பரில், பூடான் வழியாக வந்ததாகச் சொல்லப்படும் பழைய சொகுசு வண்டிகளைத் தேடி ‘நும்கோர்’ என்ற பெயரில் சுங்கத்துறை சோதனை நடத்தியது. எஞ்சினில் குறை என்றால் பணத்தைக் கொடுத்துச் சரிசெய்யலாம். காகிதத்தில் குறை என்றால் வண்டி காவல் நிலைய வாசலில் மழையில் நனையும். கோவை வண்டிக்குச் சாதகமாக அவர் போட்ட முதல் மதிப்பெண், அது தமிழ்நாட்டுப் பதிவு என்பதற்கு.

ஜூன் 14, ஞாயிறு

வீட்டம்மாள் முழுக் கதையையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். “வயக்காட்டுக்கு இதுலயா போகப் போறீங்க?”

நியாயமான கேள்வி. பண்பொழியிலிருந்து செங்கோட்டைக்கும் தென்காசிக்கும் போய்வருவது சிறு ஓட்டம். எஞ்சின் சூடேறும் முன்பே அணைக்கிற ஓட்டம் டீசல் வண்டிக்கு ஆகாது. திருமலைக் கோவிலுக்கு மேல்வரை கார் ஏறும், மேக்கரைக்கும் அடவிநயினார் அணைக்கும் தார்ச்சாலை உண்டு. ஆனால் தினசரி வேலை உர மூட்டையும் தேங்காயும்தான். ஆகவே பழைய ஸ்விஃப்ட் வீட்டிலேயே இருக்கும், வந்தால் இது இரண்டாவது வண்டி. சென்னையில் மகள் வீடு இருக்கிறது, திருநெல்வேலி இருக்கிறது, நெடுஞ்சாலைக்குத்தான் இது. ‘தேவைக்கு வாங்கவில்லை, ஆசைக்கு வாங்குகிறேன்’ என்று அன்றைய குறிப்பில் இருக்கிறது. அதைப் பச்சையாக எழுதிக்கொண்ட பிறகு அவருக்குக் கணக்குப் போடுவது சுலபமாகிவிட்டது.

ஜூன் 20, சனி

இரவுப் பேருந்தில் கோவை. எஞ்சினைத் தொடக்கூடாது, நான் வந்துதான் முதல் ஸ்டார்ட் என்று முன்பே சொல்லிவைத்திருந்தார். குளிர்ந்த எஞ்சினில்தான் செயின் உரசும் சத்தம் பின்பக்கத்திலிருந்து கேட்கும். ஓட்டிச் சூடாக்கி வைத்துவிட்டால் பல நோய்கள் ஒளிந்துகொள்ளும்.

சத்தம் இல்லை. ஆனால் சர்வீஸ் பில்களில் செயின் மாற்றியதற்கான பில்லும் இல்லை.

உள்ளூர் மெக்கானிக் ஒருவரைக் கூலிக்கு அழைத்துக்கொண்டு காலை முழுக்கப் பார்த்தார்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து, துணியில் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று பார்த்தார்கள். சீட் தண்டவாளத்தில் துரு உண்டா, தரைவிரிப்புக்கு அடியில் ஈரம் உண்டா என்றும் தேடினார்கள். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்திலும் 2018 கேரள வெள்ளத்திலும் மூழ்கிய வண்டிகள் துடைத்துப் பளபளப்பாக்கப்பட்டுச் சந்தைக்கு வந்த நாடு இது. இந்த வண்டி நனைந்த வண்டி இல்லை. கிலோமீட்டரும் பொய் இல்லை. இந்த ரக பிஎம்டபிள்யூவில் ஓடிய தூரம் மீட்டரில் மட்டுமல்ல, சாவியின் நினைவிலும் பதிவாகிறது. படித்துப் பார்த்தபோது இரண்டும் ஒத்துப்போயின.

சிக்கல் டயரில் வந்தது. ஆலையிலிருந்து வரும்போது இதற்கு ரன்-ஃபிளாட் டயர். காற்று போனாலும் எண்பது கிலோமீட்டர் வரை மெதுவாக ஓட்டிக்கொண்டு போகலாம். அதனால் மாற்றுச் சக்கரத்துக்கு வண்டியில் இடமே வைக்கவில்லை. முந்தைய உரிமையாளர் சொகுசுக்காகவும் விலைக்காகவும் சாதா டயர் போட்டுவிட்டார். இப்போது டயரும் சாதா, ஸ்டெப்னியும் இல்லை, ஜாக்கியும் இல்லை. ராத்திரி புளியரை மலைப்பாதையில் ஆணி குத்தினால்? டயரின் பக்கச்சுவரில் ‘2318’ என்றிருந்தது, 2018ஆம் வருடத்தின் 23ஆவது வாரத்தில் தயாரானது. டிரெட் கால்வாசி பாக்கி இருந்தாலும் ரப்பர் கெட்டிப்பட்டுவிட்டது. ஆறுதல், 205/55 ஆர்16 அளவு தென்காசியிலேயே கிடைக்கும்.

சன்ரூஃப் வடிகாலில் மக்கிய இலை. பானெட்டுக்கு அடியில் ஒரு வயரில் எலிப் பல்.

“அதெல்லாம் பாத்துப் பண்ணிக்கலாமுங்ணா” என்றார் விற்பவர். பண்ணுவது யார் செலவில் என்று கேட்டதற்குச் சிரித்தார்.

ஜூன் 22, திங்கள்

நாட்குறிப்பில் இரண்டு பக்கம் கணக்கு. செயின் வேலை, கியர்பாக்ஸ் எண்ணெயும் அதன் பிளாஸ்டிக் தட்டோடு சேர்ந்த வடிகட்டியும், நான்கு டயர், ஒரு ஸ்டெப்னி, பேட்டரி, சஸ்பென்ஷன் புஷ்கள். ஒன்றரை லட்சத்தை ஒட்டி வந்தது. கம்பெனிப் பெட்டியில் வாங்கினால் இன்னும் ஏறும். ஆனால் அந்தப் பெட்டிக்குள் இருப்பதையும் போஷ், லெம்ஃபோர்டர் மாதிரியான நிறுவனங்கள்தான் செய்துதருகின்றன, அவர்கள் பெயரிலேயே வாங்கினால் மலிவு. கிடங்கில் இருந்தவருக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இன்சூரன்ஸ்: 1500 சிசிக்கு மேற்பட்ட காருக்கு மூன்றாம் நபர் பிரீமியம் மட்டும் 2022 நிர்ணயப்படி வருடத்துக்கு 7,897 ரூபாய், வரி தனி. ஐந்து வயதைக் கடந்த வண்டியின் மதிப்பை இன்சூரன்ஸ் கம்பெனியும் உரிமையாளரும் பேசித்தான் வைத்துக்கொள்ள வேண்டும். பழைய உரிமையாளரின் நோ கிளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும், வண்டியோடு வராது.

எல்லாவற்றுக்கும் மேலே, ஆர்.சி. 2011 செப்டம்பரில் பதிவான வண்டிக்குப் பதினைந்து வருடம் முடிவது இந்த செப்டம்பரில். விற்பவரின் அவசரத்துக்குக் காரணம் அப்போதுதான் புரிந்தது. புதுப்பிக்கப் படிவம் 25, ஆய்வு, 5,000 ரூபாய் கட்டணம், அதற்கு மேல் பசுமை வரி; கிடைப்பது இன்னும் ஐந்து வருடம். விண்ணப்பத்தைக் கெடு முடியும் முன்னான அறுபது நாளுக்குள்தான் கொடுக்க முடியும். ஆக ஜூலையில் தொடங்கும் வேலை.

ஜூன் 29, திங்கள்

நாலு லட்சம் என்று ஆரம்பித்தார். “கட்டுபடியாகாதுங்ணா” என்று போனை வைத்துவிட்டார் விற்பவர். மச்சினனுக்கு முகம் வாடிவிட்டது. மாலையில் விற்பவரே திரும்பக் கூப்பிட்டார். டயரின் தேதி, செயின் பில் இல்லாதது, செப்டம்பர் ஆர்.சி. ஆகிய மூன்றையும் கிடங்குக்காரர் நிதானமாக மறுபடி சொன்னார். நாலே கால் லட்சத்தில் நின்றது.

வண்டிக்கு எவ்வளவோ அதில் பாதியைப் பழுதுக்கென்று வங்கியில் தனியாக வைக்க முடியாதவர் இந்த வயது சொகுசு காரைத் தொடக்கூடாது என்பது அவருடைய கட்சி. பாதி போதாது, முழுசாக வேண்டும் என்பது தென்காசி மெக்கானிக்கின் கட்சி. வாங்காமலே இருந்துவிடலாமே என்ற வீட்டம்மாளின் கட்சிக்கு இந்த முறை ஓட்டு விழவில்லை.

ஜூலை 3, வெள்ளி

முன்பணம் இருபத்தைந்தாயிரம் அனுப்பினார். ரசீதில் எழுதச் சொன்னது: இன்றுவரை உள்ள போக்குவரத்து அபராதச் சலான்கள் விற்பவருடையவை, பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்ட பிறகே மீதிப் பணம், கடன் பதிவு நீங்கியதற்கான படிவம் 35-இன் நகல் தரப்பட வேண்டும். முதல் உரிமையாளர் வாங்கிய வங்கிக் கடன் அடைந்து வருடக்கணக்கானாலும் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் இன்னும் உட்கார்ந்திருந்தது. நல்லவேளையாக அரசின் வாகன் இணையதளத்தில் பார்த்ததில் கண்ணில் பட்டது.

வண்டி நேராக ஊருக்கு வராது. கோவையிலேயே ஒரு பணிமனையில் எஞ்சினை இறக்கிச் செயினை மாற்றி, ஸ்கேனரில் பேட்டரியையும் பதிந்துகொண்டுதான் தென்காசி. மூன்று வாரம் ஆகும் என்கிறார்கள். தென்காசி மெக்கானிக் இதற்குள் ஒரு ஸ்கேனருக்கு விலை விசாரித்துவிட்டார்; இந்த ஒரு வண்டியை நம்பி வாங்கலாமா என்று யோசிக்கிறார்.

கொட்டகை வயலை ஒட்டியிருக்கிறது. அறுவடை முடிந்ததும் எலிகள் வீட்டுப் பக்கம்தான் வரும். கால் அங்குலக் கண்ணுள்ள கம்பி வலை மீட்டர் என்ன விலை என்று கேட்க, சாரல் கொஞ்சம் விட்ட நேரமாகப் பார்த்து, ஸ்விஃப்ட்டை எடுத்துக்கொண்டு செங்கோட்டைக்குக் கிளம்பினார்.