தப்பித்த பிறகு

வில்லியம் கிராஃப்ட், எல்லன் கிராஃப்ட் என்ற கணவன் மனைவியின் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் நான்கு நாட்களைத்தான் சொல்கிறார்கள். 1848 டிசம்பர் 21ஆம் தேதி அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், மேக்கன் என்ற ஊரில் அடிமைகளாக இருந்த இருவரும் கிளம்பி, ஆயிரம் மைல் கடந்து, கிறிஸ்துமஸ் அன்று காலை பிலடெல்பியாவில் போய் இறங்கினார்கள். அதற்குப் பிறகு அதே இருவர் இங்கிலாந்தில் ஏறத்தாழ 18 ஆண்டுகள் குடும்பம் நடத்தினார்கள், ஐந்து பிள்ளைகள் பெற்றார்கள், வீடு நடத்தினார்கள், கூட்டங்களுக்குப் போனார்கள். 1860இல் அவர்கள் பெயரில் லண்டனில் வெளிவந்த புத்தகத்திலேயே இங்கிலாந்து வாழ்க்கைக்குக் கிடைத்தது கடைசியில் சில பக்கங்கள்தான். எனக்கு அந்த 18 ஆண்டுகள்தான் வேண்டும். ஏன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காக அந்த நான்கு நாட்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எல்லனின் தாய் மரியா அடிமை. தகப்பன், மரியாவை உடைமையாக வைத்திருந்த வெள்ளைக்காரன். எல்லனுக்குத் தகப்பனின் நிறம். வீட்டுக்கு வருகிறவர்கள் இவளையும் அந்த வீட்டுப் பிள்ளை என்று நினைத்துவிடுகிறார்களே என்ற எரிச்சலில், அந்த வீட்டு எஜமானி 11 வயது எல்லனைத் தன் மகளுக்குக் கல்யாணச் சீராகக் கொடுத்தனுப்பினார். அதாவது, அக்காவுக்குச் சீராகப் போனது தங்கை. வில்லியம் மேசை, அலமாரி செய்யும் தச்சர். அவருடைய அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு திசையில் விற்கப்பட்டவர்கள். தப்பிக்கும்போது எல்லன் முடியை வெட்டி, ஆண் உடை போட்டு, வைத்தியத்துக்குப் போகும் ஒரு நோயாளிப் பண்ணையாராக மாறினார். வில்லியம் அந்தப் பண்ணையாரின் அடிமையாகக் கூடப்போனார். எல்லனுக்கு எழுதத் தெரியாது. விடுதிகளில் பதிவேட்டை நீட்டிக் கையெழுத்துக் கேட்பார்கள் என்பதால், அடிபட்டதுபோல் வலது கையைத் துணியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டார்.

அந்தக் கட்டுப் போட்ட கையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அடிமைச் சட்டப்படி பிள்ளையின் நிலை தாயின் நிலை. தகப்பன் யாராக இருந்தாலும், அடிமைத்தாய் பெறும் பிள்ளை அடிமை. தான் பெறும் பிள்ளையும் இப்படித்தான் பிறக்கும் என்ற அச்சத்தில் எல்லன் கல்யாணத்தையே தள்ளிப்போட்டுக்கொண்டு வந்தார் என்று அந்தப் புத்தகம் சொல்கிறது. பிறப்பு ஒருவரை என்ன செய்யும் என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்காக ஒரு பெண் தன் வயிற்றையே பூட்டிவைத்துக்கொள்ள நினைத்ததை முதன்முறை படித்தபோது என்னால் மேலே படிக்க முடியவில்லை.

பாஸ்டனில் இரண்டு ஆண்டுகள் இருந்தார்கள். 1850இல் தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத் திருப்பி அனுப்பும் சட்டம் கடுமையாக்கப்பட்டது. மேக்கனிலிருந்து இரண்டு ஆட்கள் இவர்களைப் பிடிக்க பாஸ்டன் வரைக்கும் வந்தார்கள். ஊர் திரண்டு அவர்களை விரட்டியது, ஆனாலும் இனி அந்த நாட்டில் இருக்க முடியாது. கனடாவின் ஹாலிஃபாக்ஸ் வழியாகக் கப்பல் ஏறி, 1850 டிசம்பரில் லிவர்பூலில் இறங்கினார்கள். அப்போது வில்லியமுக்கு 26 வயது, எல்லனுக்கு 24. இதைப் படிக்கிற உங்களில் பலருடைய வயது.

முதல் சில மாதங்கள் மேடையில் போயின. இவர்களைப் போலவே அடிமைத்தளையிலிருந்து தப்பிவந்த எழுத்தாளர் வில்லியம் வெல்ஸ் பிரவுனோடு ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்திலும் ஊர் ஊராகப் போனார்கள். பிரவுன் பேசுவார். வில்லியம் தப்பித்த கதையைச் சொல்வார். கடைசியில் எல்லனை மேடைக்கு அழைப்பார்கள். இவ்வளவு வெள்ளையாக இருக்கிற பெண்ணா அடிமை என்று கூட்டம் மலைத்துப்போகும். ஆண் உடையில் இருக்கும் எல்லனின் படம் விற்பனைக்கும் இருந்தது. 1851இல் லண்டன் பத்திரிகையிலும் அது வந்தது. உண்மையான பரிவோடு வந்தவர்கள் அந்தக் கூட்டங்களில் நிறைய இருந்தார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கண்ணீரில் பாதி எல்லனின் நிறத்துக்காக வந்தது. பக்கத்தில் நின்ற வில்லியமும் அதே அடிமைதானே? அவரைப் பார்த்து யாரும் மலைக்கவில்லை.

சமூகப் பணியில் இருப்பதால் இந்த இடம் எனக்கு உறுத்துகிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நன்கொடை நிறுவனத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். செங்கல் சூளையிலிருந்து மீட்கப்பட்ட குடும்பத்துப் பெண் ஒருத்தியைப் பேசவைத்தார்கள். அவளும் பேசினாள். வந்தவர்கள் கண் துடைத்தார்கள், படம் எடுத்தார்கள், போனார்கள். அவள் என்னிடம் கேட்டாள்: “அக்கா, சூளையில அடிச்சாங்களான்னு கேட்டாங்க. பத்தாவதுல என்ன மார்க்குன்னு ஒருத்தர்கூடக் கேக்கலையே?” அவள் எடுத்தது 463. எல்லன் கிராஃப்ட் அந்த மேடைகளில் நின்றபோது என்ன நினைத்திருப்பார் என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த 463தான் ஞாபகம் வருகிறது.

1851 ஜூனில் லண்டன் படிகமாளிகைக் கண்காட்சிக்குப் போனார்கள். வேடிக்கை பார்க்க மட்டும் போகவில்லை. உலகமே கூடியிருந்த அந்த இடத்தில், அமெரிக்கப் பகுதியில், கறுப்பரும் வெள்ளையருமாகக் கைகோத்து மணிக்கணக்கில் நடந்தார்கள். அங்கே அமெரிக்கச் சிற்பி ஹிராம் பவர்ஸ் செய்த ‘கிரேக்க அடிமைப்பெண்’ என்ற பளிங்குச் சிலை இருந்தது. கல்லில் இருக்கும் அடிமையைப் பார்த்து உருகும் அமெரிக்கர்களின் முன்னால், உயிரோடு இருக்கும் அடிமைகள் நடந்துபோனார்கள். இதுவும் ஒரு போராட்ட வடிவம்தான், கோஷமே இல்லாமல்.

அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் மேடை முடிந்து பள்ளிக்கூடம் தொடங்கியது. சர்ரே மாவட்டத்தில் ஓக்கம் என்று ஒரு சிற்றூர். கவிஞர் பைரனின் மனைவி லேடி பைரன் அங்கே நிறுவிய பள்ளியில் எழுத்தோடு சேர்த்து விவசாயமும் கைத்தொழிலும் கற்றுக்கொடுத்தார்கள். இருவரும் அங்கே சேர்ந்தார்கள். எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். அதே பள்ளியில் வில்லியம் பிள்ளைகளுக்குத் தச்சு வேலையும் எல்லன் தையலும் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரே கூரையின் கீழ் மாணவர்கள், ஆசிரியர்கள் இரண்டுமாக. ஜார்ஜியாவில் அடிமைக்கு எழுத்துக் கற்றுக்கொடுப்பது சட்டப்படி குற்றம். மூன்று ஆண்டுகளுக்கு முன் கையெழுத்துக்குப் பயந்து கட்டுப் போட்ட கை ஓக்கத்தில் பேனா பிடித்தது. ஆயிரம் மைல் பயணத்தைவிட எனக்கு இது பெரிதாகத் தெரிகிறது.

1852 அக்டோபரில் அங்கேதான் முதல் மகன் பிறந்தான். சார்லஸ் எஸ்ட்லின் பிலிப்ஸ் என்று பெயர் வைத்தார்கள். எஸ்ட்லின், இவர்களுக்குத் துணைநின்ற பிரிஸ்டல் நகரத்து மருத்துவர். பிலிப்ஸ், பாஸ்டனின் அடிமை ஒழிப்புப் பேச்சாளர் வெண்டல் பிலிப்ஸ். நம் தெருக்களில் பீமராவ் என்றும் ரமாபாய் என்றும் பிள்ளைகளைக் கூப்பிடுகிறோமே, அதே மாதிரி. இந்தக் குழந்தை மேக்கனில் பிறந்திருந்தால் எல்லனின் எஜமானருடைய சொத்துக் கணக்கில் ஒரு வரியாக ஏறியிருக்கும். ஓக்கத்தில் பிறந்ததால் இரவில் அழுது அப்பா அம்மாவைத் தூங்கவிடாத சாதாரணக் குழந்தையானான். அந்தச் சாதாரணத்துக்காகத்தான் எல்லன் அத்தனை ஆண்டுகள் காத்திருந்தார்.

அந்த ஆண்டே அமெரிக்கப் பத்திரிகைகளில் ஒரு வதந்தி ஓடியது. எல்லன் கிராஃப்ட் இங்கிலாந்தில் கஷ்டப்படுகிறார், பழைய எஜமானரிடமே திரும்பிவிட ஆசைப்படுகிறார் என்று. எல்லன் ஒரு கடிதம் எழுதி அதை அச்சில் மறுத்தார். உலகத்திலேயே நல்ல எஜமானனுக்கு அடிமையாக இருப்பதைவிட, இங்கிலாந்தில் சுதந்திரமான பெண்ணாகப் பட்டினி கிடப்பது மேல் என்பது அதன் சாரம். “எங்க பண்ணையார் நல்லவரு, எங்க ஊர்ல அதெல்லாம் இல்லை” என்று நம்மிடம் சொல்கிறவர்களுக்கு 1852இலேயே பதில் எழுதிவிட்டார் அந்த அம்மா.

பிறகு லண்டனுக்கு வந்து, மேற்கே ஹேமர்ஸ்மித்தில் குடியிருந்தார்கள். இன்று கேம்பிரிட்ஜ் குரோவ் என்ற தெருவில் 26ஆம் எண் வீடு. 2021இல் அதன் சுவரில் இங்கிலீஷ் ஹெரிட்டேஜ் அமைப்பு நீலப் பலகை பதித்தது. இங்கே பிள்ளைகள் வளர்ந்தார்கள். அடிமை ஒழிப்பு இயக்கத்தவர்கள் வந்துபோகும் வீடாகவும் இது இருந்தது. வேலைக்காக நான் ஊர் மாறியபோதெல்லாம் வீடு பார்த்திருக்கிறேன். “கவிச்சி சமைப்பீங்களா?” என்று தொடங்கி, “சொந்த ஊரு எது? அதுல எந்தத் தெரு?” என்று முடியும் விசாரணை உங்களுக்கும் தெரியும். ஒருமுறை முன்பணம் வாங்கியவர் மறுநாள் காலையில் திருப்பிக் கொடுத்தார், முகத்தைப் பார்க்காமல். அதனால்தானோ என்னவோ, ஒரு வீட்டு எண் எனக்குப் பெரிய செய்தியாகப் படுகிறது.

ஆனால் இங்கிலாந்தைத் தலையில் தூக்கிவைக்க வேண்டாம், தோழர்களே. 1833இல் தன் காலனிகளில் அடிமைமுறையை ஒழிக்கச் சட்டம் போட்டபோது இங்கிலாந்து கொடுத்த நட்டஈடு 2 கோடி பவுண்ட். அது போனது எஜமானர்களுக்கு. அடிமைகளுக்கு ஒரு பென்னிகூட இல்லை. காலியான மொரீஷியஸ் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களில் நம் தமிழ் மாவட்டத்துச் சேரி மக்களும் இருந்தார்கள். கிராஃப்ட் குடும்பம் ஓக்கத்தில் நிம்மதியாக மூச்சுவிட்ட அதே ஆண்டுகளில்தான் இதுவும் நடந்தது. லங்காஷயர் ஆலைகள் ஓடியது, அமெரிக்க அடிமைகள் பறித்த பருத்தியில்.

இனவெறியும் இங்கிலாந்தில் இருந்தது, கோட்டு சூட்டுப் போட்டுக்கொண்டு. 1863இல் நியூகாசிலில் பிரிட்டிஷ் அறிவியல் சங்கத்தின் கூட்டம். கறுப்பர்கள் பிறவியிலேயே தாழ்ந்தவர்கள், அவர்களின் மண்டையோடு தடிப்பானது என்ற ரீதியில் ஜேம்ஸ் ஹன்ட் என்பவர் கட்டுரை வாசித்தார். கேட்டுக்கொண்டிருந்த வில்லியம் எழுந்தார். அந்த வெயிலுக்குத் தடித்த மண்டையோடு இருப்பது நல்லதுதான், இல்லாவிட்டால் எங்கள் மூளையும் உருகி இங்குள்ள அறிவியல் கனவான்கள் பலருடைய மூளைபோல் ஆகியிருக்கும் என்ற பொருளில் பதில் சொன்னார். நானும் சமூகவியல் படித்தவள். வகுப்பில் நம்மைப் பற்றி நம் முன்னாலேயே ‘அவர்கள்’ என்று பாடம் நடத்தும்போது உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று தெரியும். எழுந்தவருக்கு ஒரு வணக்கம்.

வில்லியமிடம் எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. 1862இலிருந்து 1867வரை பெரும்பகுதி அவர் மேற்கு ஆப்பிரிக்காவில், தஹோமியில் இருந்தார். வணிகம், பள்ளி, அடிமை வணிகத்தை நிறுத்தும்படி அரசனிடம் பேசுவது என்று பெரிய நோக்கங்கள். நோக்கம் சரி. ஹேமர்ஸ்மித்தில் அடுப்பு எரிய வேண்டுமே? பிள்ளைகளை வைத்துக்கொண்டு வீட்டை நடத்தியது எல்லன்தான். நடுவில் லண்டன் அடிமை ஒழிப்புச் சங்க வேலை, அமெரிக்கப் போரில் விடுதலையானவர்களுக்கு உதவி திரட்டுவது எல்லாம் அவர் தலையில். நம் இயக்கத் தோழர்களின் வீடுகளுக்குப் போய்ப் பாருங்கள். மேடையில் யார், அடுப்படியில் யார் என்று தெரியும்.

1865இல் போர் முடிந்தது. எல்லன் தன் தாயைத் தேடச் சொல்லி ஆட்கள் மூலம் விசாரித்துக்கொண்டே இருந்தார். மரியா உயிரோடு இருப்பது தெரிந்தது. நண்பர்கள் உதவியோடு அதே ஆண்டில் மரியா கடல் கடந்து லண்டன் வந்துசேர்ந்தார். தாயும் மகளும் பிரிந்து 17 ஆண்டுகள் ஆகியிருந்தன. தன் மகளை 11 வயதில் சீர்ப்பொருளாகத் தூக்கிக் கொடுத்ததைத் தடுக்க முடியாமல் பார்த்தவர் மரியா. இப்போது ஹேமர்ஸ்மித் வீட்டில் பேரப்பிள்ளைகள். அதில் ஒரு பெண்குழந்தைக்கு எல்லன் என்றே பெயர், இரண்டு வயது. அந்தக் குழந்தையை யாருக்கும் கொடுக்க யாராலும் முடியாது.

விடுதி வாசிப்பு வட்டத்தில் இந்தக் கதையைப் பேசியபோது ஒரு மாணவி, “அவ்ளோ நல்லா இருந்துட்டு எதுக்குக்கா திரும்பிப் போனாங்க?” என்று கேட்டாள். 1860களின் இறுதியில் போனார்கள், அதுவும் ஜார்ஜியாவுக்கே. தென் கரோலினா எல்லையில் முதலில் எடுத்த பண்ணையை இரவில் வந்த வெள்ளைக் கும்பல் எரித்தது. பிறகு சவானா நகருக்குப் பக்கத்தில் வுட்வில் என்ற இடத்தில் நிலம் வாங்கி, 1873இல் கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்தார்கள். ஜோதிராவ் புலே தன் ‘குலாம்கிரி’யை அமெரிக்காவின் அடிமை ஒழிப்பாளர்களுக்குச் சமர்ப்பித்து வெளியிட்டதும் அதே 1873இல்தான். வுட்வில்லில் சொல்லிக்கொடுத்தது எழுத்து, விவசாயம், கைத்தொழில். ஓக்கத்தில் இருவரும் கற்றுக்கொண்ட அதே பாடம்.