ஓரத்தில் ஏறிய வரி

தங்கை மகன் தன் கல்யாணப் பத்திரிகையின் மாதிரியைப் பென்னாகரத்து அச்சகம் ஒன்றிலிருந்து கொண்டுவந்து காட்டினான். மணமக்கள் பெயர்கள் மெல்லிய கோடுகளில், சாய்ந்து, கையால் எழுதியதுபோல் இருந்தன. "தாத்தா எழுத்து மாதிரியே இல்லே மாமா?" என்றான். வீட்டிலுள்ள பழைய பத்திரங்களில் அந்த எழுத்தைப் பார்த்திருக்கிறான்.

இல்லை. ஏன் இல்லை என்று எனக்கே தெளிவாக இரண்டு நாள் ஆயிற்று.

அப்பா பத்திரம் எழுதுபவர். பேனாவை எடுக்காமல் எழுத்தோடு எழுத்தைச் சேர்த்துக்கொண்டே போவார். அழகுக்காக அல்ல, வேகத்துக்காக. பின்னால் யாரும் இடையில் ஒரு சொல்லைச் செருகிவிடக்கூடாது என்பதற்காகவும். 1978இல் அரசு லை, ணை முதலியவற்றின் துதிக்கையை எடுத்துவிட்ட பிறகும் அவர் அதை விடவில்லை. துதிக்கை ஒரே இழுப்பில் வருகிறது, புதியதற்குக் கை நின்று நின்று போகவேண்டும் என்பார்.

கையெழுத்து அச்சுக்குப் போவது புதிய விஷயமல்ல. 1501இல் வெனிஸில் ஆல்டஸ் மனூஷியஸ், கையெழுத்தைப் பார்த்து வெட்டிய சாய்வெழுத்தில் வெர்ஜிலை அச்சிட்டார். தமிழில் இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வடிவமைத்த கவிவாணர் இருக்கிறது. இவற்றைக் குறை சொல்லவில்லை. பெயரைப் பெரிதாகப் போடும் இடத்தில் நன்றாகவே இருக்கின்றன. முகூர்த்த நேரத்தைப் பொடியாகப் போட்டால்தான் மெல்லிய கோடுகள் வண்ணத் தாளில் கரைந்துவிடுகின்றன.

என் சங்கடம் வேறு. அச்செழுத்துக்குத் தாள் எங்கே முடியப்போகிறது என்பது தெரியாது. கைக்குத் தெரியும். இந்த மாவட்டத்து நடுகற்களில் வட்டெழுத்தைப் பார்த்தவர்கள் இதை உணர்ந்திருப்பார்கள். கல்லில் வெட்டியதுதான், ஆனாலும் வீரனின் உருவத்துக்கு இடம் விட்டு ஒதுங்குகிறது, நெருக்கிக்கொள்கிறது.

அப்பா 1984இல் சென்னைக்கு எழுதிய கார்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. உடம்பு சரியில்லை என்று எழுதிக்கொண்டே வந்து, இடம் போதாமல், கடைசி வரி ஓரத்தில் ஏறிப் போகிறது. 'நீ வர வேண்டாம்' என்று படித்தேன். போகவில்லை. பதினோரு நாள் கழித்துத் தந்தி வந்தது. காரியமெல்லாம் முடிந்து திரும்பியபின் மறுபடி எடுத்துப் பார்த்தேன். டகரத்தை அவர் இழுத்திருந்த விதத்தில் அது 'வேண்டும்' என்றும் இருக்கலாம்.

ஊரார் பத்திரங்களில் ஒரு சொல்லுக்கு இரண்டு அர்த்தம் வராமல் காத்த மனிதர். அச்சில் கோத்த வரியாக இருந்திருந்தால் எனக்குச் சந்தேகம் வந்திராது. அவருக்கு இடம் போதாமல் போனதும் தெரிந்திராது.

தங்கை மகனிடம், பெயர்களை அப்படியே விட்டுவிடு என்றேன். தேதியையும் நேரத்தையும் மட்டும் சாதாரண எழுத்தில் போடு. வரவேண்டியவர்களுக்குக் குழப்பம் வரக்கூடாது.